அம்மா விட்ட இரண்டு பண்டிகைகள்

சண்டை போட்டாலும் வெறுக்க முடியாத என் சாமுவேல் அண்ணனுக்கு,

உயிரோடு இருந்தவரை உன்னை ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டேன். தங்கச்சியான என்னைவிட நான்கு வயது மூத்தவன், கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறவன் என்கிற மரியாதை. இந்தக் கடிதத்தில் மட்டும் ‘நீ’ என்று எழுதிக்கொள்கிறேன். இனி நீ தடுக்க முடியாது என்கிற தைரியம்தான், வேறென்ன.

கோயம்புத்தூரிலிருந்து லீலா அண்ணி கடிதம் போட்டிருக்கிறார். நீ போய் இரண்டு மாதம்கூட ஆகாததால் இந்த வருடம் உங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கிடையாதாம். நட்சத்திரம் கட்டவில்லை, பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுக்கவில்லை, நாங்களும் துக்கம் காக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். படித்துவிட்டுச் சிரித்தேன் அண்ணா. பக்கத்தில் படுத்திருந்த அப்பா என்ன விஷயம் என்று கேட்டார். என்னவென்று சொல்வேன்? உயிரோடு இருந்தபோது ஒரு வீட்டின் கிறிஸ்துமஸை நிறுத்தினாய். இப்போது செத்துப்போய் இன்னொரு வீட்டில் நிறுத்தியிருக்கிறாய்.

இதை நம் வீட்டுக் கதை தெரியாதவர்களும் படிக்கலாம். படிக்கட்டும். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

அம்மா பிறந்தது காமயகவுண்டன்பட்டியில். பெயர் பேச்சியம்மாள். நெல்லும் தென்னையும் கொஞ்சம் திராட்சைத் தோட்டமும் உள்ள வீடு. அப்பா அவளுக்குத் தூரத்து அத்தை மகன். தாத்தா காலத்திலேயே வேதத்துக்கு வந்து, கிறிஸ்தவர்களாகி, போடி பஜாரில் வீட்டு முன்கட்டில் பாத்திரக்கடை வைத்துவிட்ட குடும்பம். சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று இரண்டு பக்கமும் பேசி முடித்தபோது அப்பா வீட்டார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள், பெண் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்று. கல்யாணத்துக்கு முந்தின வாரம் பேச்சியம்மாள் எஸ்தர் ஆனாள்.

அதற்கடுத்த தை முதல் நாள், பழக்கத்தில் விடியும் முன்பே எழுந்து வாசல் தெளித்துக் கோலமாவு டப்பாவை எடுத்திருக்கிறாள். தாத்தா வந்து, இது சூரியனைக் கும்பிடுகிற பண்டிகை, வேதக்காரர் வீட்டுக்கு ஆகாது என்று சொல்லியிருக்கிறார். கோபமாகக்கூடச் சொல்லவில்லையாம். அம்மா டப்பாவை மூடி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள். அன்றைக்கு விட்டது பொங்கல். பஜாரில் அத்தனை வாசலிலும் பானை பொங்க, நம் வீட்டுக் கதவு மட்டும் ஒருக்களித்திருக்கும். அவள் அடுக்களையில் இருப்பாள். சின்ன வயதில் நாம் அதை ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை, இல்லையா?

ஆனால் பொங்கல் சீர் என்று ஒன்று இருக்கிறதே. கட்டிக்கொடுத்த தங்கைக்கு அண்ணன் கொண்டுவந்து கொடுக்க வேண்டியது. அம்மாவின் அண்ணன் குருசாமி மாமா அதை விடமாட்டேன் என்றார். அப்பா யோசித்து, அதையே கிறிஸ்துமஸுக்குக் கொண்டுவரச் சொன்னார். என்றைக்குக் கொடுத்தால் என்ன, தங்கச்சி வீட்டுக்குத்தானே என்று மாமா சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டாராம். அதிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸ் காலையிலும் கம்பத்தில் பஸ் மாறி வந்து இறங்குவார். புது அரிசி, மண்டைவெல்லம், வாழைத்தார், ஒரு கூடை திராட்சை, பஸ் மேலே போட்டுக்கொண்டு வந்த கரும்புக்கட்டு. பொங்கலுக்கு மூன்று வாரம் முன்னாலேயே வெட்டிய கரும்பில் இனிப்பு ஏறியிருக்காது. நாம் குறை சொல்லிக்கொண்டே கடிப்போம்.

ஆலயத்திலிருந்து வந்ததும் அந்த அரிசியில் அம்மா சர்க்கரைப் பொங்கல் வைப்பாள். வாசலில் இல்லை, அடுக்களைக்குள். பால் பொங்கி அடுப்பில் வழியும்போது, மற்றவர்கள் பொங்கலோ பொங்கல் என்று சொல்கிற இடத்தில், மெதுவாக ‘அல்லேலூயா’ என்பாள். அப்பாவுக்குத் தெரியும். கேட்காத மாதிரி பேப்பர் படிப்பார். சொல்லிவைத்துக்கொண்டது போல இரண்டு பேரும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். இருபது வருடத்துக்கு மேல் அந்த வழி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் நீ மதுரைக்குப் படிக்கப் போனாய். விடுதியில் ஒரு ஜெபக்கூட்டம். அங்கே கிடைத்த புத்தகங்கள். அந்த டிசம்பர் விடுமுறைக்கு வந்து இறங்கியபோது உன் பெட்டியில் துணியைவிட அவைதான் அதிகம். கடை வாசலில் அப்பா நட்சத்திரத்துக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து நிறுத்தினாய்.

நீ சொன்னதெல்லாம் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். ஆண்டவர் பிறந்த தேதி வேதத்தில் எங்கேயும் இல்லை. அந்தக் குளிரில் மேய்ப்பர்கள் மந்தையோடு வயல்வெளியில் இருந்திருக்க மாட்டார்கள். டிசம்பர் இருபத்தைந்து ரோமாபுரியில் சூரியனுடைய பிறந்தநாள். அந்தக் காலத்தில் விளக்கேற்றுவதும் விருந்து வைப்பதும் பரிசு கொடுப்பதும் அவர்களுடைய வழக்கம். சபை வளர்ந்தபோது அந்த நாளைத் துடைத்து எடுத்து ஆண்டவர் பெயரை எழுதிவிட்டார்கள். மரம் வைப்பது வடக்கே காட்டை வணங்கியவர்களிடமிருந்து வந்தது. உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு இங்கிலீஷ்காரன் வைத்திருக்கிற பெயர்கூட வசந்தகாலத்து தேவதையின் பெயராம். எல்லாமே அஞ்ஞானிகளுடையது. உண்மையான விசுவாசி தொடக் கூடாது.

எட்டாம் வகுப்போடு நின்ற அப்பாவுக்கு எதிர்ப் பேச்சு வரவில்லை. ஆலயத்துப் போதகர் ஐயரை அழைத்து வந்தார். பாவம் அந்த மனிதர், தேதி முக்கியமில்லை தம்பி, நினைத்துக்கொள்ள ஒரு நாள் வேண்டாமா என்றார். அப்படியென்றால் தேதி பொய் என்று ஒத்துக்கொள்கிறீர்கள் என்று நீ மடக்கினாய். ஐயர் காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார். படித்த பிள்ளை சொல்கிறான் என்று அப்பா மூங்கிலைப் பிரித்துப் பரணில் போட்டார். அவ்வளவு சுலபமாக நடந்தது.

அம்மாவிடம் நீதான் சொன்னாய். அதிரசத்துக்கு அரிசி இடித்துக்கொண்டிருந்தாள். நான் சல்லடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.

“அம்மா, இது ஆண்டவர் பொறந்த நாளே இல்ல. ரோமாபுரிக்காரக சூரியனக் கும்பிட்ட நாளு. பேர மட்டும் மாத்தி வச்சிட்டாக.”

அம்மா உலக்கையை நிறுத்தினாள். “சூரியனயா?”

“ஆமா. பொங்கல் மாதிரிதேன். ரெண்டும் ஒண்ணுதேன்.”

அவள் உன்னை ஏறிட்டுப் பார்த்தாள். முகத்தில் மாவு.

“அப்ப நான் எதுக்குய்யா அத விட்டேன்?”

உன்னிடம் அத்தனை புத்தகம் இருந்தது. ஜெபம் பண்ணுங்க, வெளிச்சம் கிடைக்கும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனாய். அம்மா இடித்த மாவை மூடி வைத்தாள். அன்றைக்கு விட்டது கிறிஸ்துமஸ்.

மாமாவுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கிறிஸ்துமஸ் காலையில் கரும்பும் கூடையுமாக வந்து நின்றார். வாசலிலேயே நீ மறித்தாய். குரல் உயர்த்தவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன்.

“மாமா, கோவிச்சுக்கிறாதீக. இனிமே நாங்க கிறிஸ்மஸ் கொண்டாடுறதில்ல. சீரு வேணாம். சும்மா வாங்க, சாப்பிட்டுட்டுப் போங்க.”

“மாப்ள, நான் ஒங்க சாமிக்கும் கொண்டாரல, எங்க சாமிக்கும் கொண்டாரல. எந்தங்கச்சிக்குக் கொண்டாந்தேன்.”

பண்டிகை என்று கொடுத்தால் வாங்க முடியாது என்று மறுபடியும் சொன்னாய். மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாமா கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்துவிட்டார்.

பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்த அம்மாவுக்கு நான் ஓடிப்போய்ச் சொன்னேன். ஈரக்கையோடு கிளம்பிவிட்டாள். கடைக்காரர்கள் எல்லாம் பார்க்க, கடைத்தெருவில் செருப்பில்லாமல் ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். பஸ் ஸ்டாண்டில் மாமா ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். அம்மா அந்த ஜன்னலுக்குக் கீழே போய் நின்றாள்.

“அண்ணே, அடுத்த வருசம் வருவீகளா?”

“வரச் சொன்னா வாரேன். நீ வீட்டுக்குப் போ ஆத்தா. கால்ல செருப்புகூட இல்ல.”

அடுத்த வருடம் யாரும் வரச் சொல்லவில்லை.

அந்தக் கரும்பை மாமா என்ன செய்திருப்பார் அண்ணா? ஊரில் போய் என்ன சொல்லியிருப்பார்? இத்தனை வருடத்தில் நீ ஒருமுறையாவது இதை யோசித்ததுண்டா?

பிறகு நீ எங்களை ஆலயத்திலிருந்தும் பிரித்து, தேனியில் பண்டிகை எதையும் கைக்கொள்ளாத ஒரு ஜெபக்கூடத்தில் சேர்த்தாய். குருத்தோலை ஞாயிறு இல்லை, அறுப்பின் பண்டிகை இல்லை. வாராவாரம் பஸ் பிடித்துப் போய்வருவோம். அப்போது உன்னிடம் கேட்க நினைத்து, கேட்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. நாம் தவறாமல் ஆராதனைக்குப் போன கிழமையின் பெயர் என்ன? ஞாயிறு. தமிழில் அதற்குச் சூரியன் என்றுதானே அர்த்தம். சரித்திரம் படித்த உனக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? எல்லாவற்றையும் தோண்டிப் பார்த்த நீ, இதை மட்டும் விட்டுவைத்தாய். உனக்கு வேண்டியதாக இருந்தது, அதனால் விட்டுவைத்தாய். அம்மாவுக்கு வேண்டியதில் அந்தத் தாராளம் வரவில்லை.

ஒவ்வொரு டிசம்பர் இருபத்தைந்தும் ஆலய மணி அடிக்கும்போது அம்மா ஏதாவது வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வாள். புகைபிடித்த பாத்திரங்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு தேய்ப்பாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. அழுதிருந்தால் உனக்கு எதிராக நான் ஒரு வார்த்தையாவது பேசியிருப்பேனோ என்னவோ.

எனக்குச் சின்னமனூரில் டீச்சர் வேலை கிடைத்தது. நீ கோயம்புத்தூருக்குப் போய்விட்டாய். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்து, ஆபரேஷனும் செய்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்ன பிறகு என்னோடு வந்து இருந்தாள். மார்கழிக் கடைசியில் ஒரு நாள் கூப்பிட்டுச் சொன்னாள்.

“கிருபா, ஒரே ஒரு தடவ ஊருக்குப் போயி எங்கண்ணே வீட்டு வாசல்ல பொங்கப் பான வைக்கணும் ஆத்தா. சாமி கும்பிட இல்ல. பால் பொங்கி வழியறதப் பாக்கணும், அம்புட்டுத்தேன்.”

சின்னமனூரிலிருந்து காமயகவுண்டன்பட்டி எவ்வளவு தூரம்? ஒரு மணி நேரப் பயணம். ஒரு கார் பிடித்துப் படுக்க வைத்துக் கூட்டிப்போயிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா, உன்னிடம் அனுமதி கேட்டுக் கடிதம் எழுதினேன். நீ நான்கு பக்கம் பதில் போட்டாய். பக்கத்துக்கு மூன்று வசனம். கடைசி நேரத்தில் அம்மாவை விக்கிரக ஆராதனையின் பக்கம் அனுப்பினால் அந்த ஆத்துமாவுக்கு நான்தான் கணக்குச் சொல்ல வேண்டும் என்று முடித்திருந்தாய். பயந்துவிட்டேன். உடம்பு கொஞ்சம் தேறட்டும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

“சாமு வேணாம்னானா?” என்று கேட்டாள்.

டாக்டர்தான் வேண்டாம் என்றார் என்று பொய் சொன்னேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மாசியில் போய்விட்டாள்.

அடக்கத்துக்கு மாமா பிறந்தவீட்டுக் கோடிச்சேலை கொண்டுவந்தார். அதுவும் அவர்கள் பக்கத்துச் சடங்குதான். நீ தடுப்பாய் என்று எதிர்பார்த்தேன். தடுக்கவில்லை. மாமா சேலையைப் போர்த்தும்போது ஒதுங்கி நின்று வழிவிட்டாய். உயிரோடு இருந்தவளுக்கு ஒரு கரும்பு ஆகாது, பிணத்துக்குச் சேலை ஆகுமா? அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

அம்மா போய் இரண்டாம் வருடம் உனக்குக் கல்யாணம். அண்ணி நாகர்கோவில் பக்கம். தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிற குடும்பம். பிள்ளைகள் பிறந்தன. ஒரு டிசம்பரில் ஆசிரியர் பயிற்சிக்காகக் கோயம்புத்தூர் வந்தேன். சொல்லாமல் வந்து உங்களைச் சந்தோஷப்படுத்தலாம் என்று நேராக உன் வீட்டுக்கு வந்தேன். தெருமுனையில் திரும்பும்போதே தெரிந்தது. மாடியிலிருந்து பெரிய காகித நட்சத்திரம், உள்ளே பல்பு எரிந்துகொண்டிருந்தது. வீடு மாறி வந்துவிட்டேனோ என்று கதவு எண்ணைப் பார்த்தேன். கூடத்தில் சவுக்குக் கிளையை நட்டு ஜிகினா சுற்றியிருந்தது. ஸ்டூல் மேல் நின்று அதில் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தாய் நீ.

என்னைப் பார்த்ததும் இறங்கிவிட்டாய்.

“பிள்ளைக ஆசைப்படுதுக கிருபா. நாமளும் அப்ப ரொம்பத்தேன் கடுமையா இருந்துட்டோம்.”

நாமளும். அந்த ஒரு வார்த்தையை நான் இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன். யார் அந்த நாம்? அம்மாவும் அதில் சேர்த்தியா?

“அம்மாவும் ஆசைப்பட்டாகளே அண்ணே” என்றேன்.

நீ கையில் இருந்த பஞ்சை உருட்டிக்கொண்டே நின்றாய். “அப்ப எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தேன்” என்றாய். அண்ணி கேக் கொண்டுவந்து வைத்தார். நான் தொடவில்லை. பயிற்சிக்கு நேரமாகிறது என்று வந்துவிட்டேன். அதன்பிறகு உன் வீட்டு வாசலை மிதித்தது உன் அடக்கத்துக்குத்தான்.

அங்கே உங்கள் ஐயர் பேசினார். சபையின் கேரல் பவனியை ஐந்தாறு வருடமாக முன்னின்று நடத்தியவர், ஏழைப் பிள்ளைகள் வீட்டிலெல்லாம் நட்சத்திரம் கட்டிக்கொடுத்தவர், இந்தக் கிறிஸ்துமஸ் அவரில்லாமல் எப்படி வருமோ என்று கண்கலங்கினார். எல்லாரும் அழுதார்கள். அப்பா மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பாவிடம் கேட்டேன், அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று. “அவென் படிச்சவென்” என்றார். பிறகு முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

உன்மேல் உள்ள கோபத்தில் நானும் படித்துப் பார்த்தேன் அண்ணா. நீ சொன்னது பொய் என்று கண்டுபிடித்துவிட வேண்டும் என்று வெறி. நீ மடக்கி அனுப்பினாயே, அந்த ஐயரையே தேடிப் போனேன். ஓய்வுபெற்றுப் போடியில்தான் இருக்கிறார். அவர் உன்னைத் திட்டுவார் என்று பார்த்தால், நீ சொன்ன சரித்திரத்தில் பாதிக்கு மேல் சரியாகத்தான் இருக்கும் என்றார். சூரியனுக்கு இருந்த நாளின் மேல்தான் ஆண்டவரின் நாளை வைத்தார்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு, வேறு கணக்குச் சொல்கிறவர்களும் உண்டாம். உயிர்த்தெழுந்த பண்டிகை யூதர்களின் பஸ்காவை ஒட்டி நிலாவைப் பார்த்து வருகிறது. அந்தப் பஸ்காவிலேயே அதற்கும் முந்தின இடையர்களின், உழவர்களின் பண்டிகை கலந்திருக்கலாம். அம்மாவின் அடுக்களைப் பொங்கலைப் பற்றியும் சொன்னேன். “யாருக்கும் புத்தம்புதுசா ஒரு பண்டிக வானத்துல இருந்து விழுகலம்மா” என்றார். “ஒங்கம்மா அடுப்படியில செஞ்சதத்தேன் சபையும் செஞ்சிருக்கு.”

அதைக் கேட்டபின் எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நீ பொய்யனாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். தெரிந்துகொண்ட உண்மையை வீட்டிலேயே எதிர்த்துப் பேசத் தெரியாத ஒருத்தியின் மேல் போட்டாய். அண்ணியிடம் அது செல்லவில்லை, பிள்ளைகளிடம் செல்லவில்லை. அம்மாவிடம் மட்டும் சென்றது. அவளுக்கு விட்டுக்கொடுத்துப் பழக்கம் என்று உனக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்திருந்தது. நான் மட்டும் யோக்கியமா?

அண்ணிக்குப் பதில் எழுதிவிட்டேன். அவர் துக்கம் காப்பது அவருடைய உரிமை. நான் காக்கப் போவதில்லை. அப்பாவை ரிக்‌ஷாவில் ஏற்றி கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனைக்குக் கூட்டிப்போகிறேன். ஊர் என்ன பேசினாலும் சரி.

உன் மகள் ஷீபா தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறாள். ஒன்பது வயதில் என்ன அழகான கையெழுத்து. “பாட்டியைப் பற்றிக் கேட்டால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். நீங்களாவது சொல்லுங்கள் அத்தை” என்று எழுதியிருக்கிறாள். எழுந்து எங்கே போவாய் அண்ணா? வெளியே நின்று என்ன செய்வாய்? அந்த ஒரு வரி இல்லையென்றால் இந்தக் கடிதத்தை நான் எழுதியே இருக்கமாட்டேன்.

விடுமுறைக்கு அவளை இங்கே அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வந்தால் எல்லாவற்றையும் சொல்வேன். உன்னைக் கொடுமைக்காரனாக்கவும் மாட்டேன், பரிசுத்தவானாக்கவும் மாட்டேன். நீ எழுதிய நான்கு பக்கத்தைச் சொல்லும்போது, அதற்குக் கீழ்ப்படிந்தவள் நான் என்பதையும் சேர்த்தே சொல்வேன். தன் அப்பாவை மன்னித்துவிட்டீர்களா என்று அவள் கேட்பாள், கேட்கிற பிள்ளைதான். இன்னும் இல்லை என்று சொல்வேன். மன்னிக்கிற நாள் வந்தால் அதை உன் மகளிடம்கூட முதலில் சொல்லமாட்டேன். உனக்குத்தான் முதலில் சொல்வேன். இது சத்தியம்.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த,
கிருபா